தாமே கூடும் இழைகள்

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் நுண்பொருள் வேதியியல் பற்றிய கட்டுரை எதற்கு என்று வினவுவோர் இருக்கலாம். வினா முறையானதே. நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள் எழுத்தைப் பற்றியது என்பதே அதற்கு விடை. நான்கே எழுத்துகள் கொண்ட ஒரு நெடுங்கணக்கு. அவ்வெழுத்துகளை இன்ன வரிசையில் நிறுத்தினால் இன்ன வடிவம் தானே எழும் என்னும் இலக்கணம். அவ்விலக்கணத்தை நம்பிக் கண்ணுக்குப் புலப்படாத வலைகளையும் பெட்டிகளையும் படிகங்களையும் ஆக்கிய சிலரது உழைப்பு. இவற்றை அறிந்துகொள்வது எழுத்தோடு பழகியவர்க்குக் கடினமன்று. வேதியியல் நூல் என்றாலே ஒதுங்கிச் செல்லும் நம் மாணவர், இதனைப் படித்த பின்னரேனும் சற்று அருகில் வந்து பார்ப்பர் என்று நம்புகிறோம்.

கையின்றி ஆக்கல்

பொருள்களை ஆக்குவோர் பெரும்பாலும் இரு வழிகளில் ஆக்குகின்றனர். சிற்பி பெரியதொரு கல்லை எடுத்து வேண்டாதவற்றைச் செதுக்கி நீக்குகிறார். கொத்தனார் சிறு செங்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார். இருவருக்கும் கை வேண்டும். கைக்கு அடங்கிய கருவி வேண்டும். ஆக்கப்படும் பொருள் சிறுக்கச் சிறுக்கக் கருவியும் சிறுக்க வேண்டும். இரும்புக் கொல்லரின் கருவியினும் பொற்கொல்லரின் கருவி சிறிது. கைக்கடிகாரம் பழுது பார்ப்பவரின் கருவி அதனினும் சிறிது. இவ்வாறு சிறுத்துக்கொண்டே சென்றால், கருவிக்கும் பொருளுக்கும் அளவில் வேறுபாடு இல்லாத ஓர் எல்லை வந்து சேரும்.

அவ்வெல்லை நானோமீட்டர் எனப்படும் அளவில் உள்ளது. ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறுகளாக்கினால் அவற்றுள் ஒரு கூறு ஒரு நானோமீட்டராகும். நம் தலைமுடி ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 80,000 முதல் 1,00,000 நானோமீட்டர் எனக் கூறினால் இதன் நுண்மை ஒருவாறு விளங்கும்.

இந்த அளவிலும் கையால் ஆக்கிக் காட்டியவர் உண்டு. 1989ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனத்தின் கலிபோர்னிய ஆய்வகத்தில் டொனால்ட் ஐக்லர் என்பார், நுண்ணோக்கி ஒன்றின் ஊசிமுனையால் செனான் அணுக்களை ஒவ்வொன்றாக நகர்த்தி, 35 அணுக்களைக்கொண்டு தம் நிறுவனத்தின் மூன்றெழுத்துப் பெயரை எழுதினார். வியக்கத்தக்க செயலே. எனினும், ஒரு பெட்டியை ஆக்கப் பல்லாயிரம் அணுக்களை இவ்வாறு ஒவ்வொன்றாய் நகர்த்துவதும், பின் அத்தகைய பெட்டிகள் கோடிக்கணக்கில் வேண்டும் என்றால் அதே செயலைக் கோடி முறை செய்வதும் ஆகக்கூடியனவல்ல.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. உறுப்புகளைத் தாமே கூடவிடுவது அது. இதனை நாம் நாள்தோறும் காண்கிறோம். சோப்பு மூலக்கூறுக்கு நீரை விரும்பும் தலையும் நீரை வெறுக்கும் வாலும் உண்டு. நீரிலிட்டால் அவை வால்களை உள்ளே மறைத்துத் தலைகளை வெளியே காட்டிச் சிறு உருண்டைகளாகத் தாமே திரள்கின்றன. எவரும் அவற்றை உருட்டுவதில்லை. ஆனால் இங்கே ஒரு குறை உண்டு. எந்தச் சோப்பு மூலக்கூறு எந்த உருண்டையில் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று நாம் விதிக்க இயலாது. அவை எல்லாம் ஒன்றுபோல் இருப்பவை, முகவரி இல்லாதவை. முகவரியுடன் கூடும் மூலக்கூறுகள் கிடைத்தால் அன்றோ நாம் எண்ணிய வடிவை எண்ணியவாறே பெற முடியும்?

நான்கு எழுத்துகள்

சிறு மூலக்கூறுகள் பல சங்கிலிபோல் தொடர்ந்து அமைந்த பெரிய மூலக்கூறைப் பலபடி என்பர். நைலான் ஒரு பலபடி. நெகிழிப்பைக்கு உரிய பாலித்தீனும் ஒரு பலபடி. பாலித்தீன் சங்கிலியில் ஒரே கண்ணி மீண்டும் மீண்டும் வரும். 'அ அ அ அ' என்று பக்கம் முழுதும் எழுதினாற் போன்றது அது; நீளம் உண்டு, செய்தி இல்லை. உயிரணுக்களில் உள்ள டி.என்.ஏ. என்பதும் ஒரு பலபடியே. ஆயின் அதன் கண்ணிகள் நால்வகை. அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்னும் நான்கு காரங்கள் எவ்வரிசையிலும் வரலாம். பெயரின் முன்னெழுத்துகளைக் கொண்டு இவற்றை அ, தை, கு, சை எனக் குறிப்போம்.

டி.என்.ஏ.வின் வடிவை ஜேம்ஸ் வாட்சனும் பிரான்சிஸ் கிரிக்கும் 1953ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ரோசலிண்ட் பிராங்க்ளின் ஆய்வகத்தில் எடுக்கப்பெற்ற எக்ஸ் கதிர்ப் படங்கள் அக்கண்டுபிடிப்பிற்குப் பெருந்துணையாயின. இரண்டு இழைகள் ஒன்றையொன்று தழுவி முறுக்கிய சுருள் அது. இழைகளைப் பிணைப்பது ஒரு சிறு விதி: அ தையோடு இணையும், கு சையோடு இணையும். ஓர் இழையில் 'அ அ கு தை சை' என்று இருப்பின், எதிரிழையில் 'தை தை சை அ கு' என்றே இருத்தல் வேண்டும். சுருளின் தடிப்பு ஏறத்தாழ 2 நானோமீட்டர். ஓர் எழுத்திலிருந்து அடுத்த எழுத்திற்கு உள்ள தொலைவு 0.34 நானோமீட்டர். ஏறத்தாழப் பத்தரை எழுத்துகளுக்கு ஒருமுறை சுருள் முழுவதும் திரும்பும். கட்டடம் கட்டுவோர்க்கு இத்துணைத் துல்லியமான செங்கல் வேறு எங்கும் கிடைப்பதரிது.

வெண்பா எழுதிப் பழகிய மாணவர் இவ்விடத்தில் ஒன்றை நினைவு கூரலாம். மாச்சீர் முடிந்தால் அடுத்த சீர் நிரையில் தொடங்க வேண்டும். விளச்சீரோ காய்ச்சீரோ முடிந்தால் அடுத்தது நேரில் தொடங்க வேண்டும். ஒரு சீரின் முடிவு அடுத்த சீரின் தொடக்கத்தைத் தேர்ந்துகொள்கிறது. டி.என்.ஏ.விலும் இதனையொத்த ஒன்று உண்டு. இரட்டைச் சுருளின் ஒரு முனையில் ஓரிழை மட்டும் சில எழுத்துகள் நீண்டிருந்தால், அந்நீட்சி தனக்கு எதிரான எழுத்துகளை உடைய வேறொரு முனையைத் தேடிப் பற்றும். இதனை ஒட்டுமுனை என்பர். வெண்டளையில் ஒரு சீரின்பின் வரத்தக்க சொற்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஒட்டுமுனைக்கோ ஏற்ற முனை ஒன்றே. எட்டு எழுத்துகள் கொண்ட முனையை 65,536 வகையாக எழுதலாம். பதினாறு எழுத்துகள் எனின் ஏறத்தாழ 429 கோடி வகைகள். நாம் தேடிய முகவரி இதுவே.

இத்தகைய ஒட்டுமுனைகளை மரபுப் பொறியியல் அறிஞர் 1970களிலேயே அறிந்திருந்தனர்; மரபுக் கூறுகளை வெட்டி ஒட்ட அவற்றைக் கையாண்டும் வந்தனர். ஆயினும் டி.என்.ஏ. என்பது உயிரின் செய்தியைத் தாங்கும் ஏடு என்று கருதினரேயன்றி, அதனைக் கட்டடப் பொருளாகக் கருதியவர் இலர். அவ்வாறு கருதியவர் ஒரு தோல்வியால் அங்கு வந்து சேர்ந்தார்.

படிகம் வாராத படிகவியலாளர்

நட்ரியன் சீமன் 1945ஆம் ஆண்டு சிகாகோவில் பிறந்தவர். படிகவியல் அவரது துறை. ஒரு மூலக்கூறின் வடிவை அறிய வேண்டுமாயின், அம்மூலக்கூறுகள் பல கோடி ஒரே ஒழுங்கில் அடுக்கப்பெற்ற படிகம் வேண்டும். அப்படிகத்தின்மேல் எக்ஸ் கதிரைச் செலுத்தி, சிதறும் கதிர்களின் கோலத்திலிருந்து வடிவைக் கணிப்பர். உப்பும் சருக்கரையும் எளிதில் படிகமாகும். உயிர்ப்பொருள்களான புரதங்களோ அவ்வாறு இசைவதில்லை. இத்தனை பாகை வெப்பம், இத்தனை உப்பு, இத்தனை அமிலம் என்று நூற்றுக்கணக்கான கலவைகளை மாற்றி மாற்றி வைத்துக் காத்திருக்க வேண்டும். சில மாதங்களில் வரலாம், வாராமலே போகலாம். ஏன் வந்தது, ஏன் வரவில்லை என்பதற்கும் விளக்கம் இராது.

சீமன் 1977ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆல்பனி வளாகத்தில் ஆசிரியப் பணி ஏற்றார். அங்கே அவர் விரும்பிய படிகங்கள் வாரா. படிகம் இல்லையேல் படிகவியலாளருக்கு ஆய்வு இல்லை. ஆய்வு இல்லையேல் பணியில் நிலைபெறுதலும் அரிது. ஆய்வு மாணவராக இருந்து ஆண்டுக்கணக்கில் முடிவு காணாது உழன்றவர்கள் அந்நிலையை நன்கு உணர்வர்.

அக்காலத்தில் அவர் டி.என்.ஏ.யின் கிளைச்சந்திகளைப் பற்றியும் எண்ணிக்கொண்டிருந்தார். இரட்டைச் சுருள் ஒரு கயிறு போன்றது. கயிற்றின் நுனியோடு நுனி சேர்த்தால் இன்னும் நீண்ட கயிறுதான் கிடைக்கும். வலை வேண்டுமாயின் கயிறுகள் கிளைக்கும் முடிச்சுகள் வேண்டும். இயற்கையில் மரபுக்கூறுகள் கலக்கும்போது நான்கு கிளைகள் கூடும் சந்தி ஒன்று தோன்றி மறைகிறது என்று ராபின் ஹாலிடே என்னும் ஆங்கில அறிஞர் 1964இல் விளக்கியிருந்தார். ஆனால் அச்சந்தி ஓரிடத்தில் நில்லாது. இரு பக்கத்து எழுத்து வரிசைகளும் ஒன்றாக இருப்பதால் முன்னும் பின்னும் நழுவிச் செல்லும். எழுத்து வரிசையை நாமே தேர்ந்து, நழுவினால் பொருத்தம் கெடுமாறு எழுதிவிட்டால் சந்தி நிலைத்து நிற்கும் என்பது சீமனின் கருத்து. நான்கு கிளைகளோடு நில்லாமல் ஆறு கிளைச் சந்தியும் கூடுமா என்று அவர் எண்ணினார்.

1980ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒரு நாள், இவ்வாறு கிளைகளை எண்ணியபடி வளாகத்து அருந்தகத்தில் அமர்ந்திருந்தபோது, டச்சு ஓவியர் எஷர் 1955இல் மரத்தில் செதுக்கிய 'ஆழம்' என்னும் படம் அவர் நினைவில் வந்தது. மீன்கள் வெட்டவெளியில் மேலும் கீழும், இடமும் வலமும், முன்னும் பின்னுமாக ஒழுங்காக மிதந்து நெடுந்தொலைவு வரை செல்லும் காட்சி அது. ஒவ்வொரு மீனுக்கும் தலை, வால், மேலும் கீழும் துடுப்புகள், இருபக்கத் துடுப்புகள் என ஆறு நீட்சிகள். ஆறு கிளைச் சந்தியும் அந்த மீனும் ஒன்றே எனச் சீமன் கண்டார். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஏற்ற ஒட்டுமுனையை எழுதிவிட்டால், மீன்கள் தாமே வரிசையில் வந்து நிற்கும், அவ்வரிசையே படிகம். அந்தப் படிகத்தின் அறைகளுக்குள் படிகமாக மறுக்கும் புரதங்களைக் குடியேற்றினால், புரதங்களும் வேறு வழியின்றி ஒழுங்கில் நிற்கும். படிகம் வருமா வருமா என்று காத்திராமல், வருமாறு எழுதிவிடலாம்!

இக்கருத்தை 1982ஆம் ஆண்டு கோட்பாட்டு உயிரியல் இதழ் ஒன்றில் அவர் வெளியிட்டார். மறு ஆண்டே நழுவாத நான்கு கிளைச் சந்தியை ஆய்வகத்தில் ஆக்கியும் காட்டினார். எழுதிக் காட்டிய கருத்து முழுமையாகக் கைகூட எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதைப் பின்னர்க் காண்போம்.

1988இல் நியூயார்க் பல்கலைக்கழகத்திற்குச் சென்ற பின், 1991இல் சீமனும் ஜுங்ஹுவே சென்னும் டி.என்.ஏ.யால் ஆன கனசதுரம் ஒன்றை வெளியிட்டனர். அதன் ஒவ்வொரு விளிம்பும் 20 எழுத்திணைகள், அதாவது ஏறத்தாழ 7 நானோமீட்டர் நீளம். ஆறு முகங்களுக்கும் ஆறு வட்ட இழைகள். அவை ஒன்றோடொன்று வளையம்போல் கோத்தவை. அக்கனசதுரத்தைக் கண்ணால் கண்டவர் இலர். அதனை வெட்டிச் சிதைத்து, சிதைவுகளின் அளவைக்கொண்டே முழுமை இவ்வாறு இருந்தது என நிறுவினர். சிதைந்த ஏட்டுச் சுவடியின் எஞ்சிய பகுதிகளைக்கொண்டு மூலபாடத்தை உறுதி செய்யும் பதிப்பாசிரியரின் உழைப்பை இது நமக்கு நினைவூட்டுகிறது.

இருப்பினும் அக்கனசதுரத்தின் மூலைகள் விறைப்பற்றவை. கயிற்றால் கட்டிய சட்டம்போல் அது சாயும். சாயும் செங்கல்லால் சுவர் எழுப்ப இயலாது. இரு சுருள்களை அருகருகே வைத்து இரண்டிடங்களில் இழைகளை ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குக் கடத்தினால் விறைப்பான ஓடு கிடைக்கும் எனச் சீமனின் குழுவினர் 1993இல் கண்டனர். கணிப்பொறியியல் பயின்ற எரிக் வின்ஃப்ரீ அவர்களோடு சேர்ந்தார். 1998ஆம் ஆண்டு அவ்வோடுகள் தாமே அடுக்கிப் பரந்த தளமாக விரிந்ததை அணுவிசை நுண்ணோக்கியால் படமெடுத்தனர். வரி வரியாகக் கோடுகள். ஒவ்வொரு கோடும் எழுத்தில் குறித்த இடத்திலேயே இருந்தது. பாய் முடைவோர் கோரையை ஒன்றன்மேல் ஒன்றாகச் செலுத்துவர். இங்கே முடைவோர் இல்லை. கோரைகளே தம் இடமறிந்து புகுந்தன.

பிழை திருத்தும் வெம்மை

நூற்றுக்கணக்கான இழைகள் ஒரே நீர்த்துளியில் மிதக்கும்போது, ஒவ்வொன்றும் தனக்குரிய துணையை எவ்வாறு கண்டுகொள்கிறது? தவறான துணையைப் பற்றிவிடாதா? இவ்வினாவிற்கு விடை தெரிந்தால்தான் இக்கலையின் உயிர்நிலை விளங்கும்.

பற்றத்தான் செய்கிறது. ஆனால் பற்றியதை விடவும் செய்கிறது. அ, தை இடையே உள்ளவை இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள். கு, சை இடையே மூன்று. இவை தனித்தனியே மிக மெலிந்தவை. கலவையை ஏறத்தாழ 95 பாகை செல்சியசுக்குச் சூடாக்கினால் எல்லா இழைகளும் பிரிந்து தனித்தனியே அலையும். பின்னர் மெல்ல மெல்லக் குளிரவிடுவர். அலையும் இழைகள் ஒன்றோடொன்று மோதும். நான்கைந்து எழுத்து தற்செயலாகப் பொருந்தினால் ஒரு நொடிப்பொழுது ஒட்டும். எஞ்சிய எழுத்துகள் பொருந்தாமையால் வெம்மை அதனை உடனே உதறிவிடும். பதினாறு எழுத்தும் பொருந்திய துணையோ, அந்த வெம்மையிலும் பிரியாது. குளிரக் குளிர, சரியானவை நிலைத்துத் தவறானவை கழிந்து, முடிவில் முழு வடிவம் எஞ்சி நிற்கிறது.

ஆகவே, பிணைப்பு வலிதாக இருப்பது இங்கு நன்மையன்று. கல்வெட்டில் பிழைபட வெட்டிய எழுத்தைத் திருத்த இயலாது. மணலில் எழுதும் சிறுவன் அழித்து அழித்து எழுதலாம். டி.என்.ஏ. இழைகள் வெம்மையில் மணலாகவும் குளிர்ந்த பின் கல்லாகவும் ஒழுகுகின்றன. 'தாமே கூடுதல்' என்று சொல்லும்போது, இழைகளுக்கு ஏதோ அறிவு இருப்பதுபோல் ஒரு மயக்கம் தோன்றும். செய்தித்தாள்கள் அம்மயக்கத்தை விரும்பி வளர்க்கின்றன. இழைகளுக்கு அறிவில்லை, மோதலும் உதறலுமே உண்டு. அறிவு வரிசையை எழுதியவருடையது.

இன்னொரு சிறு செய்தி. டி.என்.ஏ. இழைகள் யாவும் எதிர்மின் உடையவை, ஒன்றையொன்று தள்ளும். நீரில் சிறிது மக்னீசியம் உப்பைக் கலந்தால் அதன் நேர்மின் அயனிகள் இடைநின்று பகை தணிக்கும். இந்த உப்பு இல்லையேல் நெருக்கமாக அடுக்கிய வடிவங்கள் கலைந்துவிடும். பின்னர் உடலுக்குள் செலுத்த முயன்றபோது இச்சிறு செய்தியே பெருந்தடையாக வந்து நின்றது.

நெட்டிழையும் குற்றிழையும்

2006ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் 'நேச்சர்' இதழில் வெளியான ஒரு கட்டுரை இத்துறையைத் தலைகீழாகப் புரட்டிற்று. எழுதியவர் கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பால் ராதமண்ட் ஒருவரே. அதுகாறும் ஒவ்வோர் இழையையும் தூய்மை செய்து, ஒன்றுக்கொன்று சரியான அளவில் கலந்து, படிப்படியாகக் கூட்டிவந்தனர். அளவு சற்றே பிசகினும் வடிவம் குறைபடும்.

ராதமண்டின் வழி வேறு. நுண்ணுயிரியைத் தாக்கும் எம்13 என்னும் வைரசின் மரபிழை ஒற்றை இழையாக, 7,249 எழுத்து நீளம் உடையதாகக் கிடைக்கிறது. அதன் வரிசை முழுவதும் அறியப்பட்டது. அந்த நெட்டிழையை அவர் மாற்றவில்லை. அதனை எங்கெங்கு மடித்தால் விரும்பிய உருவம் வரும் எனக் கணிப்பொறியில் வரைந்தார். மடிப்பு ஒவ்வொன்றையும் பிடித்து நிறுத்த, நெட்டிழையின் இரு வேறு இடங்களுக்கு எதிரான எழுத்துகளைத் தன் இரு பாதிகளிலும் உடைய குற்றிழைகளை எழுதினார். இருநூற்றுக்கு மேற்பட்ட குற்றிழைகள். (நெட்டிழை, குற்றிழை என்பன நாம் இட்ட பெயர்கள். நெட்டெழுத்தும் குற்றெழுத்தும் கற்றவர்க்கு இவை இயல்பாகத் தோன்றும்.) தாள்களைச் சேர்க்கும் ஸ்டேப்பிள் ஊசி செய்யும் வேலையைக் குற்றிழை செய்கிறது. குற்றிழைகளை மிகுதியாகவே கலந்தார், அளவு பார்க்கவில்லை. சூடாக்கினார், இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்வித்தார். வேலை முடிந்தது.

நுண்ணோக்கியில் பார்த்தபோது, சிரிக்கும் முகங்கள் தெரிந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 100 நானோமீட்டர் அகலம். தலைமுடியின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஐந்துமுனை விண்மீன், முக்கோணம், அமெரிக்கக் கண்டங்களின் வரைபடம் ஆகியனவும் எழுந்தன. ஒரு சிறு துளியில் கோடிக்கணக்கான முகங்கள். ஐக்லர் ஒரு பெயரை எழுத ஒவ்வோர் அணுவாக நகர்த்தினார். இங்கே ஒருமுறை எழுதிய வரிசை தன்னைத்தானே கோடிமுறை அச்சிட்டுக்கொண்டது. காகிதத்தை மடித்து உருவம் செய்யும் சப்பானியக் கலையின் பெயரால் இதனை டி.என்.ஏ. ஒரிகாமி என்று அழைத்தார்.

சிரிக்கும் முகத்தால் என்ன பயன் என்று கேட்கலாம். முகத்தால் பயனில்லை. ஆனால் அம்முகத்தில் ஏறத்தாழ இருநூறு புள்ளிகள் உண்டு. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு குற்றிழை. ஒவ்வொரு குற்றிழைக்கும் வேறு எழுத்து. எந்தக் குற்றிழையின் நுனியிலும் ஒரு புரதத்தையோ ஒரு பொன்துகளையோ இணைத்து விடலாம். அப்போது அது 6 நானோமீட்டர் இடைவெளியில், நாம் குறித்த புள்ளியில் சென்று அமரும். முகவரி உள்ள தெருவைப்போன்றது அது.

உடலுக்குள் ஒரு கருவி

2009ஆம் ஆண்டில் டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தார் மூடியுடன் கூடிய டி.என்.ஏ. பெட்டி ஒன்றை ஆக்கினர். மூடியில் பூட்டு, அதன் திறவுகோல் தகுந்த எழுத்து வரிசை உடைய ஓர் இழை. 2012ஆம் ஆண்டில் ஆர்வர்டைச் சேர்ந்த ஷான் டக்ளஸ், இடோ பாச்செலெட், ஜார்ஜ் சர்ச் ஆகியோர், குறித்த உயிரணுவின் மேற்பரப்பைத் தொட்டால் மட்டுமே திறக்கும் அறுகோணக் குழல் ஒன்றை வெளியிட்டனர். 2018இல் சீன, அமெரிக்க ஆய்வாளர்கள், குருதியை உறையச் செய்யும் திராம்பினை உள்ளே வைத்துச் சுருட்டிய டி.என்.ஏ. தகடுகளை எலிகளில் செலுத்தினர். புற்றுக்கட்டியின் குருதிக் குழாயில் மட்டும் அவை விரிந்து, அங்கே குருதியை உறையச் செய்து கட்டியைப் பட்டினியிட்டன.

இவற்றைப் படிக்கும் பெரியோர்க்கு, நோயுற்ற தம் உறவினர் நினைவு வருவது இயல்பு. ஆதலின் ஒன்றைத் தெளிவாகக் கூற வேண்டும். எலியில் கண்ட பயன் மனிதர்க்கு மருந்தாக நெடுந்தொலைவு உண்டு. நம் குருதியில் அயல் டி.என்.ஏ.வைத் துண்டாடும் நொதிகள் உள்ளன. வடிவங்களை நிலைநிறுத்தும் மக்னீசியம் அங்கே வேண்டிய அளவு இல்லை. உடலின் காவற்படையும் அயற்பொருளைக் கண்டு வாளாவிருக்காது. பலபடி உறைகளைப் போர்த்தி இழைகளைக் காக்கும் வழிகளில் ஆய்வாளர் முயல்கின்றனர். செலவும் ஒரு தடையே. குற்றிழைகளை இயந்திரத்தில் எழுத்தெழுத்தாகக் கோத்து வாங்குவது விலை மிகுந்தது. 2017இல் மியூனிக்கைச் சேர்ந்த ஹென்ட்ரிக் டீட்சின் குழுவினர், நெட்டிழை குற்றிழை இரண்டையும் நுண்ணுயிரிகளையே வளர்த்துக் கொடுக்கச் செய்து, பேரளவில் ஆக்கும் வழியைக் காட்டினர்.

மருந்தாகாவிடினும் உயிரணுவுக்குள் அளவுகோலாக டி.என்.ஏ. பயன்பட்டுவிட்டது. அதனைச் செய்தது பெங்களூர்த் தேசிய உயிரியல் ஆய்வு மையத்தில் அன்று பணியாற்றிய யமுனா கிருஷ்ணனின் குழு. சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் பயின்றவர் அவர். சை என்னும் எழுத்து மிகுந்த இழை ஒன்று அமிலம் கூடிய இடத்தில் தன்மேல் தானே மடியும். அவ்வியல்பைக்கொண்டு 2009இல் ஓர் இடுக்கி போன்ற கருவியை அவர்கள் ஆக்கினர். அமிலம் மிகின் இடுக்கி மூடும், குறையின் திறக்கும், அதற்கேற்ப ஒளிரும் நிறம் மாறும். உயிரணு வெளிப்பொருளை விழுங்கி உள்ளே கொண்டுசெல்லும் சிறு பைகள் போகப்போக எவ்வளவு அமிலத்தன்மை பெறுகின்றன என்பதை, உயிருள்ள அணுவுக்குள்ளேயே அக்கருவி காட்டிற்று. 2011இல் உயிருள்ள புழுவின் உடலிலும் அது இயங்கிற்று. யமுனா கிருஷ்ணன் 2013இல் சாந்தி சுவரூப் பட்நாகர் விருது பெற்றார். 2014இல் சிகாகோ பல்கலைக்கழகம் சென்றார். நம் கல்லூரிகளில் வேதியியல் பயிலும் மாணவியர் அறிந்திருக்க வேண்டிய பெயர் இது. பாடநூல்களில் இதனைத் தேடிக் காணாமற் போவது நமக்கு வருத்தமே.

மீண்டும் படிகத்திற்கு

மீன்களை நினைந்து அமர்ந்திருந்தவரிடம் திரும்புவோம். தளமாக விரிவது வேறு. மூன்று திசையிலும் ஒழுங்காக அடுக்குவது வேறு. சிறு சாய்வும் ஆயிரம் அடுக்குகளில் பெருங்கோணலாகும். எத்தனையோ ஓடுகளைச் சீமன் முயன்று கைவிட்டார். முடிவில், அவர் ஆய்வகத்தில் முன்னர்ப் பணியாற்றிய செங்தே மாவோ வகுத்த ஒரு முக்கோண வடிவம் கைகொடுத்தது. மூன்று சுருள்கள் ஒன்றன் மேலும் கீழுமாகச் சென்று தம்முள் இழுவிசையால் விறைத்து நிற்கும் முக்கோணம் அது. 2009ஆம் ஆண்டில் அம்முக்கோணங்கள் எழுதியவாறே மூன்று திசையிலும் அடுக்கி நின்றன; எக்ஸ் கதிரால் 4 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கம் வரை அவற்றின் வடிவைக் கண்டனர். 1980இல் தோன்றிய எண்ணம், 29 ஆண்டுகள் கழிந்து கையில் வந்தது. அடுத்த ஆண்டு, நுண்ணறிவியலுக்கான கவ்லி பரிசைச் சீமனுக்கு வழங்கினர். உடன் பகிர்ந்துகொண்டவர், அணுக்களைக் கையால் நகர்த்திய அதே ஐக்லர்.

ஆயினும் சீமன் படிகத்தை விரும்பியது படிகத்திற்காக அன்று; அதன் அறைகளில் புரதங்களைக் குடியேற்றி அவற்றின் வடிவறிவதற்காக. புரதங்களை உள்ளே செலுத்தும் முயற்சிகள் நடந்துள்ளன. அவற்றை ஒரே திசை நோக்கி ஒழுங்காக நிறுத்தி வடிவறிவது மட்டும் வழக்கிற்கு வரவில்லை. இதற்கிடையில், உறையவைத்த மூலக்கூறுகளை மின்னணு நுண்ணோக்கியால் பார்க்கும் முறை படிகமின்றியே புரதங்களின் வடிவைக் காட்டத் தொடங்கிற்று. 2020இல் ஆல்ஃபாஃபோல்டு என்னும் கணிப்பொறி நிரல், எழுத்து வரிசையைக் கொண்டே பல புரதங்களின் வடிவை வியப்புறும் அளவிற்குத் துல்லியமாகக் கணித்தது. அதனை ஆக்கியவர்க்கு 2024இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. சீமன் எந்தத் தேவைக்காகத் தொடங்கினாரோ, அந்தத் தேவை வேறு வழிகளில் பெரும்பகுதி நிறைவேறிவிட்டது. இதனைத் தோல்வி என்று கொள்வதற்கு நமக்கு மனம் ஒப்பவில்லை. வெற்றி என்று கூறிக் கடந்துவிடவும் இயலவில்லை.

சீமன் 2021ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் காலமானார். அவர் தனியொருவராகத் தொடங்கிய துறையில் இன்று பல நாட்டு ஆய்வகங்கள் உழைக்கின்றன. பெட்டியும் இடுக்கியும் தகடும் குழலும் அவற்றில் நாள்தோறும் எழுகின்றன. அவர் அமைத்த படிகத்தின் அறைகளோ, எதிர்பார்த்த விருந்தினர் வந்து ஒழுங்காக அமரும் நாளை நோக்கித் திறந்தே இருக்கின்றன.